டிக் போட்டிருக்கே, அப்புறம் என்ன?

ஓப்பன் சோர்ஸ் ஆப் (நிரல், அதாவது கோடு, எல்லோருக்கும் திறந்திருக்கும், யாரும் திருத்தம் அனுப்பலாம்) ஒன்றுக்கு நான் முதன்முதலில் அனுப்பியது பதினான்கு ஸ்க்ரீனுக்குப் புது டிசைன். இரண்டு வாரம் ராத்திரி ராத்திரியாக ஃபிக்மா என்ற டிசைன் கருவியில் உட்கார்ந்து நிறம், எழுத்துரு, ஐகான் எல்லாவற்றையும் மாற்றி, அந்த ஆப்பின் கோடு இருக்கும் கிட்ஹப் தளத்தில் இஷ்யூ (குறையோ யோசனையோ சொல்லும் பதிவு) திறந்து போட்டேன். யாரோ ஒருவர் கட்டைவிரல் போட்டார். அவ்வளவுதான், இன்றைக்கும் அது அப்படியே கிடக்கிறது. அப்போது கோபம் வந்தது. வேலைக்குப் போய்க்கொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் கோடு எழுதுகிற ஒருவரிடம் பதினான்கு ஸ்க்ரீனை நீட்டினால் அவர்தான் என்ன செய்வார், பாவம்.

வரவு செலவு எழுதும் சின்ன ஆண்ட்ராய்டு ஆப் அது, பெயர் வேண்டாம். வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கும் என் சித்தியின் போனில் நான்தான் போட்டுக் கொடுத்திருந்தேன். ஒருநாள் "ரெண்டு நாள் கணக்கைக் காணோம்டா" என்று கூப்பிட்டார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, எப்போதும் போல எழுதச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன் (அதுதான் இருப்பதிலேயே கஷ்டம்). மாவு, பத்து பாக்கெட், 400 ரூபாய். எல்லாம் சரியாகப் போட்டார். மேலே வலது மூலையில் இருந்த டிக் ஐகானைப் பார்த்தார், பேக் பட்டனை அமுக்கினார், கணக்கு போயே போச்சு.

"ஏன் சித்தி, டிக்கை அமுக்கலையா?"

"அதான் டிக் போட்டிருக்கே. சேவ் ஆயிடுச்சுன்னுதானே அர்த்தம்?"

நோட்டில் கணக்கு எழுதிப் பழகியவருக்கு டிக் என்றால் முடிந்த வேலை. இனிமேல் செய்ய வேண்டியது அல்ல. என் பதினான்கு ஸ்க்ரீனிலும் அதே டிக் இருந்தது, இன்னும் அழகான பச்சையில்.

எதிர்வீட்டு அக்காவிடமும் கொடுத்துப் பார்த்தேன், அவரும் அங்கேயே தடுக்கினார். ஐந்து பேரை உட்கார வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான சிக்கல் தெரிந்துவிடும் என்று, ஆப்பும் இணையதளமும் பயன்படுத்த எளிதாக இருக்கிறதா என ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதினார். எனக்கு இரண்டு பேரே போதுமாக இருந்தது. இந்தமுறை இஷ்யூவில் படம் ஒன்றுகூட வரையவில்லை. சித்தி எழுதியதை இருபது நொடி ஸ்க்ரீன் ரெக்கார்டிங்காக வைத்து, டிக்குக்குப் பதில் கீழே "சேமி" என்று எழுத்திலேயே பட்டன் வைக்கலாமா என்று கேட்டேன். மறுநாளே ஆப்பை எழுதுபவரிடமிருந்து பதில் வந்தது: பழைய ஆட்கள் மூலையில் தேடுவார்களே?

அந்தப் பயம் நியாயமானதுதான். 2012இல் படம் திருத்தும் மென்பொருளான கிம்ப் 2.8 வந்தபோது சேவ் என்றால் அதன் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் மட்டும், ஜேபெக் வேண்டுமானால் எக்ஸ்போர்ட் என்று பிரித்தார்கள், அதற்கு வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சம் இல்லை. முப்பரிமாணப் படம் செய்யும் பிளெண்டரில் பல வருடமாக வலது கிளிக்கில்தான் செலக்ட் ஆகிக்கொண்டிருந்தது. 2019இல் 2.80 பதிப்பில் அதை இடதுக்கு மாற்றியபோதும், வலதுக்குப் பழகியவர்களுக்காகப் பழைய வழியை செட்டிங்கில் விட்டுவைத்தார்கள். நாங்களும் அப்படியே டிக்கை விட்டுவைத்தோம். கீழே "சேமி" பட்டன் கூடுதலாக வந்தது, சேமிக்காமல் பேக் போனால் ஒருமுறை கேட்கும்.

தமிழில் திறந்தால் அடுத்த கூத்து. பட்டனுக்கும் வரிகளுக்கும் உயரத்தை இவ்வளவுதான் என்று கட்டிப்போட்டிருந்தார்கள். ஆங்கிலத்துக்குச் சரி, நம் எழுத்தோ கீழேயும் இறங்கும். வகைப் பட்டியலில் இருந்த "முன்பணம்" வால் வெட்டுப்பட்டு "மன்பணம்" ஆகியிருந்தது. நான் தமிழ் ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்பினால் ஆப்பை எழுதுபவருக்கு என்ன தப்பு என்றே தெரியவில்லை, வெட்டியது வெட்டாதது இரண்டையும் பக்கத்தில் வைத்து வட்டம் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. நிலையான உயரத்தைக் குறைந்தபட்ச உயரமாக மாற்றினோம், பட்டனுக்கு ஆண்ட்ராய்டு சொல்லும் 48 டிபி (திரையில் அளவு சொல்லும் அலகு). கோடில் ஏழெட்டு வரிதான். அதை நானே எழுதி அனுப்பினேன், மூன்று வாரத்தில் மெர்ஜ் ஆகி ஆப்பின் கோடோடு சேர்ந்தது.

பதினான்கு ஸ்க்ரீன் இஷ்யூவை நானே மூடிவிடலாம் என்று இருக்கிறேன். சித்தி இப்போது, கடனுக்கு மாவு வாங்கியவர்களை எங்கே எழுதுவது என்று கேட்கிறார். ஆப்பில் அதற்கு இடமே இல்லை. பெயரைச் செலவு வகையாகப் போட்டு அவரே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார், அதை முதலில் ரெக்கார்டிங் எடுக்க வேண்டும்.