வார்ஃபரின் சாப்பிட்டாரா, சாப்பிட்டுவருகிறாரா?

ஓ.இ.டி. தேர்வுக்குத் தயாராகும் நர்சுகள் சிலர் மாலை நேரங்களில் என்னிடம் படிக்க வருகிறார்கள். வெளிநாடுகளில் வேலைக்குப் பதிவு செய்ய உதவும் ஆங்கிலத் தேர்வு அது. மருத்துவத் துறையினருக்கென்றே நடத்தப்படுவது. வருகிறவர்களுக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. டாக்டர்களோடு தினமும் பேசுகிறவர்கள்தான். ஆனால் வினைச்சொல்லின் காலத்துக்கு வந்தால் தடுமாறுகிறார்கள்.

இலக்கணப் பிழைதானே என்று இதை விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை. ஒரு பெரியவர் ஐந்து வருடமாக வார்ஃபரின் சாப்பிட்டுவருகிறார். ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் மருந்து. அவரை அறுவைச் சிகிச்சைக்கு அனுப்பும் கடிதத்தில் 'ஹி டுக் வார்ஃபரின் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்று எழுதினால், மருந்தை எப்போதோ நிறுத்திவிட்டார் என்றுதான் படிக்கிறவர் நினைப்பார். 'ஹி ஹாஸ் பீன் டேக்கிங்' என்று இருந்தால்தான் இன்றும் சாப்பிடுகிறார் என்பது விளங்கும். கத்தி வைக்கப்போகிற டாக்டருக்கு இது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதை நர்சுகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "இதெல்லாம் எதற்கு மேடம்?" என்ற கேள்வி அத்தோடு நின்றுவிடும்.

ஆங்கில வினைச்சொல்லின் காலங்களைப் பன்னிரண்டு கட்டத்தில் காட்டும் அட்டவணையை எல்லோரும் பள்ளியிலேயே மனப்பாடம் செய்திருக்கிறார்கள். கோடிட்ட இடங்களைத் தவறில்லாமல் நிரப்புகிறார்கள், ஏனென்றால் 'எஸ்டர்டே', 'சின்ஸ்' என்று வாக்கியமே துப்புக் கொடுத்துவிடுகிறது. சொந்தமாக எழுதும்போது துப்புக் கொடுக்க யார் இருக்கிறார்கள்?

அந்த வகையில் ஓ.இ.டி. எழுத்துத் தேர்வை எனக்கு மிகவும் பிடிக்கும். நோயாளியைப் பற்றிய துண்டுக் குறிப்புகளைக் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் முழு வாக்கியமே இருக்காது. முதல் 5 நிமிடம் படிக்க மட்டும், அடுத்த 40 நிமிடத்தில் கடிதம். எழுதுகிறவர்தான் தேதிகளைப் பார்த்து வினைச்சொல்லின் காலத்தை முடிவு செய்ய வேண்டும்.

தேர்வு எழுதாதவர்களுக்கும் இதைவிட நல்ல பயிற்சி கிடையாது என்பேன். வகுப்பில் நான் பலகையில் இப்படி எழுதிப்போடுவேன்: ஞாயிறு, காய்ச்சல் தொடக்கம். திங்கள், அட்மிஷன். செவ்வாய் இரவு, இரண்டு முறை வாந்தி. அதன்பின் வாந்தி இல்லை, காய்ச்சல் நீடிக்கிறது. புதன்கிழமை மதியம் ஷிப்ட் மாறும்போது அடுத்த நர்சிடம் இதைச் சொல்ல வேண்டும். 'ஷி ஹாஸ் ஹாட் ஃபீவர் சின்ஸ் சண்டே. ஷி வாஸ் அட்மிட்டட் ஆன் மண்டே. ஷி வாமிட்டட் ட்வைஸ் லாஸ்ட் நைட், பட் ஹாஸ் நாட் வாமிட்டட் சின்ஸ்.' திங்களும் நேற்றிரவும் முடிந்துபோனவை, அதனால் சிம்பிள் பாஸ்ட். காய்ச்சல் இன்னும் விடவில்லை, அதனால் பிரசன்ட் பர்ஃபெக்ட். பிறகு அதே குறிப்பை, அவர் குணமாகி வீட்டுக்குப் போன அடுத்த வாரத்தில் நின்று சொல்லச் சொல்வேன். இப்போது 'ஹாஸ்' வைத்த வாக்கியங்கள் எல்லாம் கலைந்துவிடும். 'வென் ஷி வாஸ் அட்மிட்டட், ஷி ஹாட் ஹாட் ஃபீவர் ஃபார் எ டே.' நடந்தது ஒன்றும் மாறவில்லை, சொல்கிறவர் நிற்கும் இடம் மட்டுமே மாறியது. இரண்டாவது முறை சொல்லும்போதுதான் பலருக்குப் பிடிபடுகிறது.

நம்மைத் தடுக்கி விடுவது பெரும்பாலும் நம் தமிழ்தான். 'மூன்று நாளாகக் காய்ச்சல் இருக்கிறது' என்பது நமக்கு நிகழ்காலம். அப்படியே 'ஹி இஸ் ஹாவிங் ஃபீவர் சின்ஸ் த்ரீ டேஸ்' என்று வந்துவிடுகிறது, 'ஹி ஹாஸ் ஹாட் ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்' என்றுதான் வர வேண்டும். 'நேற்று ஊசி போட்டிருக்கிறார்கள்' என்பது தமிழில் பிசகில்லாத வாக்கியம். ஆங்கிலத்திலோ 'நேற்று' என்று சொன்ன கணமே 'ஹாவ் கிவன்' பொருந்தாது, 'கேவ்' என்றுதான் எழுத வேண்டும்.

'ஹாட்' போட்டால் மரியாதையாக ஒலிக்கும் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. 'ஐ ஹாட் கிவன் தி இன்ஜெக்ஷன் எஸ்டர்டே' என்று எழுதும் எல்லோரிடமும் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: வேறு எது நடப்பதற்கு முன்? பதில் இல்லையென்றால் 'ஹாட்' வேண்டாம், அடித்துவிடுங்கள்.

வரும் வாரம் பேச்சுப் பயிற்சி. நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது அறிவுரை சொல்லும் உரையாடல். 'வென் யூ வில் கோ ஹோம்' என்பதை 'வென் யூ கோ ஹோம்' என்று வாய் பழகும்வரை ஜோடி ஜோடியாகப் பேசப்போகிறோம்.