மருந்து எழுதிய பிறகு: மனநல நர்ஸ் பார்க்க வேண்டியவை

அமெரிக்காவில் மனநல நர்ஸ் பிராக்டிஷனர் (மேற்படிப்பு முடித்த நர்ஸ்) நோயைக் கண்டறிவார், மருந்து எழுதுவார், அளவைக் கூட்டிக் குறைப்பார். பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இதற்கு டாக்டரின் மேற்பார்வை தேவையில்லை. இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநல செவிலியர் யார் என்று வரையறுக்கிறது. ஆனால் மருந்துச் சீட்டு அவர் கைக்கு வரவில்லை. வர வேண்டுமா என்பது தனிச் சண்டை. சீட்டு யார் எழுதினாலும், உள்ளே போன மருந்து என்ன செய்கிறது என்று பார்க்கும் வேலை நர்ஸுடையது. அதைப் பற்றித்தான் இங்கே.

முதலில் டெப்போ ஊசி, அதாவது ஒருமுறை போட்டால் உடம்பில் தங்கி வாரக்கணக்கில் வேலை செய்யும் ஊசி. தினமும் மாத்திரை விழுங்க மறுக்கிறவர்களுக்கு நம் ஆஸ்பத்திரிகளில் போடப்படும் ஊசிகளில் ஒன்று ஃப்ளூஃபெனசைன் டெக்கனோயேட், மனச்சிதைவுக்கான மருந்து. ஒரு மில்லியில் 25 மில்லிகிராம், இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை. மருந்து கரைந்திருப்பது எள் எண்ணெயில். அதனால் எள் ஒத்துக்கொள்ளாதவரா என்று முதல் ஊசிக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். சிரிஞ்சும் ஊசியும் துளி ஈரமில்லாமல் இருக்க வேண்டும், ஈரம் பட்டால் மருந்து கலங்கிவிடும். எண்ணெய் கெட்டி என்பதால் 21 கேஜ் ஊசி. இடுப்பில் போடும்போது தோலை இரண்டு மூன்று சென்டிமீட்டர் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்து, செங்குத்தாகக் குத்தி, ரத்தம் வருகிறதா என்று பார்த்து, ஒரு மில்லிக்குப் பத்து விநாடி என்ற கணக்கில் மெதுவாகச் செலுத்த வேண்டும். இன்னொரு பத்து விநாடி பொறுத்து ஊசியை எடுத்த பிறகுதான் தோலை விட வேண்டும். அப்போது ஊசி போன வழி கோணலாகி மூடிக்கொள்ளும், எண்ணெய் வெளியே கசியாது. தேய்க்கக் கூடாது. கூட வந்தவர் பாசத்தில் தேய்த்துவிடுவார், அவரிடமும் சொல்லி வைக்க வேண்டும். இந்த முறை வலதா இடதா என்று அட்டையில் எழுதாவிட்டால் ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கட்டி விழும்.

தேதி தவறினால் மறுநாளே ஒன்றும் ஆகாது. சிக்கலே அங்கேதான். மருந்து உடம்பில் வாரக்கணக்கில் மெல்லக் கரைகிறது, ஆள் நன்றாகவே இருக்கிறார், “ஊசி இல்லாமலே நல்லாத்தானே இருக்கான்” என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். சில மாதம் கழித்து, இல்லாத குரல்கள் மறுபடி காதில் கேட்கும்போது விட்டுப்போன ஊசி யாருக்கும் நினைவில் இருக்காது. ஆகவே தவறிய தேதிக்கு அந்த வாரமே போன் போக வேண்டும்.

அடுத்தது, அதிகம் கோட்டை விடும் இடம். ஊசி போட்ட சில நாளில் ஒருவர் உட்கார்ந்தால் எழுகிறார், எழுந்தால் நடக்கிறார், நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி வைக்கிறார், எரிந்து விழுகிறார். நோய் முற்றிவிட்டது என்று நினைத்து அளவைக் கூட்டினால் தவிப்பு இன்னும் ஏறும். இது பெரும்பாலும் மருந்து தந்த தவிப்பு, அகதீசியா. ஒரு கேள்வி போதும்: “மனசு சொல்லி நடக்கிறீங்களா, காலு சும்மா இருக்க விடலையா?” காலைக் கைகாட்டினால் அதை அப்படியே எழுதுங்கள். இதே மருந்துகள் தரும் கைநடுக்கத்துக்குக் கேட்கிற பேசிடேன் மாத்திரை இதற்கு அவ்வளவாகக் கேட்காது. டாக்டர் அளவைக் குறைப்பார், அல்லது ப்ரொப்ரனலால் தருவார். ப்ரொப்ரனலால் ஆஸ்துமாக்காரருக்கு ஆகாது, ஆகவே ஆஸ்துமா உண்டா என்று அதற்கு முன்பே கேட்டு வைத்திருப்பது நர்ஸின் வேலை. தவிப்பு தாங்காமல் தற்கொலை எண்ணம் வருகிறவர்களும் உண்டு, அதனால் இது காத்திருக்கக் கூடிய புகார் அல்ல.

மற்ற மருந்து கேட்காத மனச்சிதைவுக்குத் தரும் க்ளோசாபைன் என்றதும், வெள்ளணு குறையும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சரிதான், தொடங்குவதற்கு நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு மைக்ரோலிட்டருக்கு 1500க்குக் குறையக் கூடாது, முதல் மாதங்களில் வாராவாரம் ரத்தம் எடுக்க வேண்டும், காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால் அன்றே எடுக்க வேண்டும். ஆனால் மலச்சிக்கலை யாரும் அந்த அளவுக்குப் பயப்படுவதில்லை. இந்த மருந்து குடலையே மந்தமாக்கி, அடைத்து, உயிரை எடுத்திருக்கிறது. “கடைசியா எப்போ போனீங்க?” என்பது ஒவ்வொரு வருகையிலும் கேட்க வேண்டிய கேள்வி. “நல்லா போகுது” என்ற பதிலை ஏற்காமல் கிழமையைக் கேட்க வேண்டும். 48 மணி நேரத்துக்கு மேல் மாத்திரை விட்டுப்போனால் பழைய அளவிலேயே தொடங்கக் கூடாது, ரத்த அழுத்தம் சரிந்து ஆள் விழுந்துவிடலாம். மறுபடி 12.5 மில்லிகிராமில் இருந்துதான் ஏற வேண்டும்.

பீடியும் இதில் சேர்த்தி. புகை கல்லீரலை வேகப்படுத்தி க்ளோசாபைனைச் சீக்கிரம் அழிக்கிறது. நாளுக்கு ஒரு கட்டு பீடி பிடிப்பவரைப் புகைக்கத் தடை உள்ள வார்டில் சேர்த்தால், அதே மாத்திரையிலேயே ஒரு வாரத்தில் ரத்தத்தில் மருந்தின் அளவு கணிசமாக ஏறலாம்: தூக்கம், எச்சில் வடிதல், சிலருக்கு வலிப்பு. நிறுத்தியது நிகோடின் அல்ல, புகை. ஆகவே நிகோடின் பட்டை ஒட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது.

இருமுனை மனநோய்க்குத் தரும் லித்தியத்தின் அளவை ரத்தத்தில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதில் தப்பு பெரும்பாலும் ரத்தம் எடுக்கும் மேஜையில். கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்னால் எடுக்க வேண்டும். பச்சை மூடிக் குழாய் கூடவே கூடாது, அதில் இருக்கும் ஹெப்பாரின் பெரும்பாலும் லித்தியம் உப்பு. நன்றாக இருப்பவருக்கும் விஷ அளவு காட்டும், பயந்து மருந்தையே நிறுத்திவிடுவார்கள். உண்மையான விஷம் சத்தமில்லாமல் வரும்: சித்திரை வெயில், இரண்டு நாள் பேதி, முட்டி வலிக்கு மெடிக்கலில் வாங்கிய டைக்ளோஃபெனாக். மூன்றுமே லித்தியத்தை உடம்பில் தேங்க வைக்கும். கை பெரிதாக நடுங்கி, நாக்குக் குழறி, குடித்தவர் போலத் தள்ளாடினால் அடுத்த மாத்திரையை நிறுத்தி உடனே அளவு பார்க்க வேண்டும். லிட்டருக்கு 1.5 மில்லிமோலைத் தாண்டினால் ஆபத்து.

கண்டதை டாக்டரிடம் சொல்லும் விதத்தில் பாதி வேலை இருக்கிறது. “பேஷன்ட் சரியில்ல சார்” என்றால் ராத்திரி பதினொரு மணிக்கு “காலையில பாக்கலாம்” என்றுதான் பதில் வரும். “க்ளோசாபைன் 300ல இருக்கார் சார், செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் மலம் போகல, வயிறு உப்பியிருக்கு, ரெண்டு தடவ வாந்தி” என்று சொல்லிப் பாருங்கள்.