சட்டை மாற்றிய கேம்பாய்

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அந்த இருட்டில்தான் இந்தக் கதை தொடங்கியது. போனில் சார்ஜ் இல்லை. ஃபேன் இல்லை. வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட் போறணைக்குள் இருப்பது போல வெந்துகொண்டிருந்தது. மெழுகுதிரி தேடி அலுமாரியைக் கிளறியபோது கையில் தட்டுப்பட்டது என்னுடைய பழைய கேம்பாய் அட்வான்ஸ், கையில் பிடித்து விளையாடுகிற நின்டெண்டோ கேம் மெஷின். சார்ஜர் தேவையில்லை, இரண்டு டபுள் ஏ பற்றரி போதும். கரண்ட் இல்லாத ஊருக்கென்றே செய்த சாமான் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு பற்றரியைப் போட்டேன். பச்சை லைட் எரிந்தது, அந்தப் பழைய 'டிங்' சத்தமும் வந்தது. படத்தை மட்டும் காணவில்லை.

அந்தத் திரைக்குச் சொந்தமாக வெளிச்சம் கிடையாது என்பதையே மறந்துபோயிருந்தேன். வெளியிலிருந்து விழுகிற வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டுகிற திரை அது. மெழுகுதிரியைக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடியில் சுடர் தெரிந்தது, மாரியோ தெரியவில்லை. வெறுப்பில் அப்படியே திரும்ப அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். பற்றரியைக் கழற்றாமல் வைத்தேன் பாருங்கள், அதற்கான கூலியைப் பிறகு கொடுக்க வேண்டியிருந்தது.

இதை வாங்கித் தந்தவர் சுவிஸ் மாமா. 2003 ஓகஸ்ட், சமாதான காலம். யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 பாதை அதற்கு முந்தைய வருடம்தான் திறந்திருந்தது. பல வருடங்களுக்குப் பிறகு ஊர் பார்க்க வந்த மாமா எனக்கு ஊதா நிறக் கேம்பாயும் அதில் போடுகிற போக்கிமான் சஃபையர் விளையாட்டும் கொண்டுவந்தார். வானில் எல்லோருமாக யாழ்ப்பாணம் போனோம். ஓமந்தைச் சோதனைச் சாவடியிலும் முகமாலைச் சோதனைச் சாவடியிலும் இறங்கி நின்ற நேரத்தில்கூட அது என் கையில்தான் இருந்தது.

அப்புறம் இருபது வருடம். பற்றரி மூடி எங்கோ தொலைந்து, அந்த இடத்தை செலோரேப் காத்துக்கொண்டிருந்தது. எல் பட்டனுக்குக் கீழே ஒரு வெடிப்பு. திரைக்கு மேலுள்ள பிளாஸ்டிக் கண்ணாடி புரை விழுந்த கண் மாதிரி. 2024இல் அக்காவின் மகள் இதை எங்கேயோ கண்டெடுத்து ஒரு மணித்தியாலம் நோண்டினாள். வெடிப்பு அவள் விரலில் கீறிவிட்டது. அம்மா உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "உந்தக் கண்டறியாத சாமானைக் குப்பையிலை போடு."

போட மனம் வரவில்லை. வெளிக்கூடு மட்டும் தனியாக விற்கிறார்கள் என்று தெரியும். சீனாவிலிருந்து ஒரு கூடு ஓடர் பண்ணினேன். இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுதான். கேம்பாய் அட்வான்ஸுக்கு இரண்டு வகைக் கூடுகள் வருகின்றன. ஒன்று பழைய திரைக்கானது. மற்றது வெளிச்சமுள்ள புதிய ஐபிஎஸ் திரை போடுவோருக்காக ஜன்னலைப் பெரிதாக வெட்டியது. படத்தில் இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும். இரண்டாவதை வாங்கிப் பழைய திரையை வைத்தால் படத்தைச் சுற்றி உள்விளிம்பு அசிங்கமாகத் தெரியும். விவரத்தை மூன்று தரம் படித்து, பழைய திரைக்கானதையே வாங்கினேன். என்னுடைய கெட்டித்தனத்தை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. நிறத்தை அக்காவின் மகள், என் மருமகள், தெரிவு செய்தாள்: உள்ளே எல்லாம் தெரிகிற கண்ணாடிப் பச்சை.

பார்சல் வர ஐந்து கிழமை ஆனது. அதற்குள் ஸ்குரூ டிரைவர் தேடினேன். பின்பக்கத்தில் ஏழு ஸ்குரூ. பற்றரி போடும் குழிக்குள் இருப்பது ஒன்று மட்டும் சாதாரண நட்சத்திர (பிலிப்ஸ்) வகை. மற்ற ஆறுக்கும் தலையில் மூன்று கால் வெட்டு, ஆங்கில ஒய் எழுத்து மாதிரி. கண்டவர்களும் திறக்கக் கூடாது என்றே நின்டெண்டோ போட்டது. 101 பஸ்ஸில் ஏறிப் புறக்கோட்டைக்குப் போய், முதலாம் குறுக்குத் தெருவில் போன் உதிரிப்பாகக் கடை ஒன்றில் கேட்டேன்.

"ஒய் முனையா? இருக்கு தம்பி, ஐபோனுக்கு உள்ளது" என்று கடைக்கார நானா ஒரு செட்டை எடுத்து வைத்தார். ஐபோன் 7இலிருந்து உள்ளே வருகிற ஸ்குரூவுக்கானது அது. மயிரளவு முனை, கேம்பாய்க்குக் காணாது. போட்டுத் திருகினால் ஸ்குரூ தலை வழித்துக்கொண்டு போய்விடும். நான் கேம்பாயையே பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். மனுஷன் முகம் மலர்ந்துவிட்டது. "அட, இதா! எங்கட மகன்ட்டையும் இருந்தது" என்று உள்ளே போய், தூசி படிந்த தனி டிரைவர் ஒன்றைக் கொண்டுவந்து ஸ்குரூவில் வைத்தே பார்த்துத் தந்தார். நீங்களும் இப்படி ஏதாவது செய்யப் போனால் சாமானைக் கையோடு கொண்டு போங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துவாயை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஐந்து ஸ்குரூ மறுபேச்சில்லாமல் வந்தன. ஆறாவது, பற்றரிக் குழிக்குப் பக்கத்திலிருந்தது, அசையவில்லை. கடலிலிருந்து இருநூறு யார் தூரத்தில் இருக்கிறோம். எங்கள் வீட்டில் ஃபிரிஜ் கதவுக்கே துரு பிடிக்கும், கசிந்த பற்றரிக்குப் பக்கத்திலிருந்த ஸ்குரூ எம்மாத்திரம். கோபத்தில் அழுத்தித் திருகியதில் தலை கொஞ்சம் வழிந்துவிட்டது. அந்த இடத்தில் நிறுத்தியதுதான் நான் செய்த ஒரே புத்தியான காரியம். ஒரு சொட்டுத் துரு நீக்கும் எண்ணெய் விட்டுவிட்டு, மத்தியானச் சாப்பாடு, ஒரு குட்டித் தூக்கம். எழும்பி வந்து, அகலமான ரப்பர் பேண்டில் ஒரு துண்டு வெட்டி ஸ்குரூ தலைக்கும் முனைக்கும் நடுவில் வைத்து, நேர் கீழாக நல்ல அழுத்தம் கொடுத்து மெல்லத் திருகினேன். 'டக்' என்று விட்டது. அந்தச் சத்தத்தின் ருசியை எழுத முடியாது.

பின்கூட்டைத் தூக்கியதும் பச்சைப் பலகை. அதை முன்கூட்டோடு மூன்று சின்ன நட்சத்திர ஸ்குரூ பிடித்திருக்கின்றன. திரையிலிருந்து வருகிற பட்டை வயர் மேலே ஒரு பூட்டுக்குள் போகிறது. பூட்டின் இரண்டு ஓரத்தையும் நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு, வெளியே நகர்த்தினால் பட்டை தானாகத் தளரும். இழுக்கவே கூடாது. அது கிழிந்தால் திரை போய்விட்டது என்று அர்த்தம். பூட்டில் உள்ள சின்ன உலோகக் கால்களையும் எண்ணி வைத்தேன். இந்த மாடலில் 32 கால், 40 கால் என்று இரண்டு வகைப் பலகைகள் உண்டு. என்னுடையது 40. கூடு மாற்றுவதற்கு இந்தக் கணக்குத் தேவையில்லை, சும்மா ஒரு ஆர்வம்தான்.

பலகையைத் தூக்கினேன். ஏ, பி பட்டன்களுக்குக் கீழே, ரப்பர் மெத்தையைச் சுற்றி, வெள்ளை மணல். ஊசி முனை போல மெல்லிய மணல். முதலில் புரியவில்லை. இது வெள்ளவத்தை மணல் இல்லை, எங்களுடைய கடற்கரை மணல் செங்கபிலம். பிறகுதான் உறைத்தது: காரைநகர், கசூரினா கடற்கரை. மாமா குளிக்க, நான் சவுக்கு மரத்துக்குக் கீழே ஈரக் கையோடு விளையாடிக்கொண்டிருந்த அந்தப் பின்னேரம். அதற்குப் பிறகு நான் இதைக் கடற்கரைக்குக் கொண்டுபோனதே இல்லை. 2003இன் மணல் என் துவாயில் கிடந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சோத்து மேசையிலை மண்ணைக் கொட்டிப்போட்டு நிக்கிறாய்" என்றார்.

பற்றரி கசிந்த இடம் பார்க்கச் சகிக்கவில்லை. தகடுகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. அல்கலைன் பற்றரியிலிருந்து கசிவது காரம். அதைப் புளிப்பு முறிக்கும். வினாகிரி என்று எல்லோரும் சொல்வார்கள். வீட்டில் இருந்தது தேசிக்காய். பட்ஸில் இரண்டு சொட்டுத் தேசிப்புளி தொட்டுத் தேய்த்ததும் லேசாக நுரைத்துக்கொண்டு கரைந்தது. புளியை அப்படியே விட்டால் அதுவும் அரிக்கும். அதனால் பார்மசியில் வாங்கிய ஐசோபுரொப்பைல் அல்கஹோலால் இரண்டு தரம் துடைத்துக் காயவிட்டேன். தகடுகள் பலகையோடு ஈயப்பற்று வைத்தவை, கழற்ற வராது. பலகையில் வேறெங்கும் ஈரம் ஓடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனிப் புதுக்கூடு. அதோடு புதுப் பட்டன், புது ரப்பர் மெத்தை எல்லாம் வந்திருந்தன. நான் அவற்றைப் போடவில்லை. அழுத்திப் பார்த்தாலே தெரிந்தது, புது மெத்தை விறைப்பு. பழையதைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தேன். இருபது வருடத்துக்குப் பிறகும் என்ன ஒரு மெத்தென்ற அழுத்தம்! நிறம் பொருந்தாது என்று மருமகள் முறையிட்டாள். பச்சைக் கூட்டில் பழைய சாம்பல் பட்டன் எனக்கு அழகாகத்தான் பட்டது.

உண்மையான சோதனை கண்ணாடி ஒட்டுவதில் இருந்தது. திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரே ஒரு தூசி மாட்டினாலும் வாழ்நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஃபேனை நிறுத்தினேன். ஜன்னலைச் சாத்தினேன். இரண்டு நிமிடத்தில் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டத் தொடங்கியது. தூசியாவது ஊதினால் போகும். முதல் தடவை ஒட்டியதில் நடுவில் ஒரு நூல். கழற்றி, இரண்டாம் தடவை ஒட்டியதில் மூலையில் ஒரு நூல். துவாயிலிருந்து வருகிறது என்று அப்போதுதான் மூளைக்கு எட்டியது. கடைசியில் ஒரு யோசனை. குளியலறையில் ஷவரைக் கொஞ்ச நேரம் திறந்துவிட்டால் காற்றிலுள்ள தூசியெல்லாம் ஈரத்தில் படிந்துவிடும். நிறுத்திவிட்டு, ஒரு முக்காலியைப் போட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டேன். திரையில் செலோரேப்பை ஒற்றி எடுத்துத் துப்புரவாக்கி, கண்ணாடியின் மெல்லிய தாளை உரித்து, ஓரமாக வைத்து மெதுவாகப் படியவிட்டேன். அந்த நேரம் பார்த்துக் கதவில் இடி.

"எவ்வளவு நேரமா உள்ளுக்கு நிக்கிறாய்? வயித்துக்குள்ளை ஏதும் செய்யுதோ?"

"ஒண்டுமில்லையம்மா, கேம் ஒட்டுறன்."

பதில் வரவில்லை. ஆனால் கண்ணாடி தூசியில்லாமல் ஒட்டிவிட்டது.

எல், ஆர் பட்டன்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டிக் கம்பியும் ஒரு சுருளும் உண்டு. பழைய கூட்டில் அவை எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்று போனில் படம் எடுத்திருந்தேன். படம் இருந்தும் ஒரு சுருள் கையிலிருந்து தெறித்துப் போய்விட்டது. வீட்டிலிருந்த அத்தனை பேரும் ரோர்ச்சோடு தரையில் தவழ்ந்து, கடைசியில் மருமகள் தன்னுடைய பாவாடை மடிப்பிலிருந்து எடுத்தாள்.

மூடுவதற்கு முன் ஒரு தரம் ஓன் பண்ணிப் பார்த்தேன். திரை முழுக்க நெட்டுக்குத்தாகக் கோடுகள். வயிறு கலங்கியது. பட்டை வயர் ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்து போயிருந்தது, அவ்வளவுதான். பூட்டைத் திறந்து, நேராக வைத்து, இரண்டு ஓரத்தையும் சமமாக அழுத்தியதும் சரியாயிற்று. ஸ்டார்ட் பட்டன் புதுக்கூட்டின் ஓட்டையில் இறுகிக்கொண்டது. மலிவுக் கூடு என்றால் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். அக்காவின் நகம் தேய்க்கும் அரத்தைக் களவெடுத்து ஓட்டையின் ஓரத்தைக் கொஞ்சம் சுரண்டிவிட்டேன். ஸ்குரூவை இறுக்கும்போது முதலில் இடப்பக்கம் மெல்லத் திருப்பி, பழைய தடத்தில் 'டிக்' என்று விழுந்த பிறகு வலப்பக்கம் இறுக்கச் சொல்வார்கள். புது பிளாஸ்டிக்கில் தடமே இல்லை. ஸ்குரூதான் முதன்முதலாகத் தடம் வெட்டிக்கொண்டு போகிறது. பொறுமையாக, கொஞ்சம் உள்ளே கொஞ்சம் வெளியே என்று போக வேண்டும். கடைசி இறுக்கு இரண்டு விரலுக்கு மேல் வேண்டாம்.

சஃபையரைப் போட்டேன். உள்ளேயிருக்கும் கடிகாரப் பற்றரி தீர்ந்துவிட்டதாகச் சொல்லியது. சின்னக் காசு மாதிரி ஒரு சிஆர்1616 பற்றரி அது. ஆனால் இந்த விளையாட்டு சேமித்ததைக் காப்பது அந்தப் பற்றரியில் இல்லை, பிளாஷ் நினைவகத்தில். ஆகவே 2003இல் விட்ட இடம் அப்படியே இருந்தது, என் பெயருக்குப் பதிலாக மச்சான் களவாகப் போட்ட அவனுடைய பெயரோடு. சேமிக்க ஒரே ஒரு இடம்தான் உண்டு. மருமகள் புதிதாகத் தொடங்கிச் சேமித்தால் அது அழிந்துவிடும். அந்த கார்ட்ரிஜ்ஜைப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டு மாரியோ கார்ட்டைக் கொடுத்தேன். சுயநலம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

அவள் முதலில் திரையைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பட்டன் என்றால் என்ன என்று விளங்கிய பிறகு பல்கனிக்கு ஓடினாள். பின்னேரம் நாலு மணி, கடல் பக்கத்திலிருந்து வெயில் நேராக அடிக்கிற நேரம். போன் திரைகள் கண்ணுக்குத் தெரியாமல் வெளிறிப்போகிற அந்த வெயிலில் இந்தத் திரை பளிச்சென்று இருந்தது. நிழல் நகர நகர அவளும் நகர்ந்து, கடைசியில் கம்பியோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

ஆறரைக்கு இருட்டியதும் உள்ளே வந்து அதை என் முன்னால் வைத்தாள்.

"மாமா, இதுக்கு லைட் போடேலாதா?"

போடலாம். நாற்பது கால் பலகைக்கு ஐபிஎஸ் திரை கிடைக்கிறது. அதற்கு ஜன்னல் பெரிதாக வெட்டிய கூடு வேண்டும், மூன்று தரம் படித்து நான் வாங்காமல் விட்ட அதே கூடு.