தேயிலைத் தொட்டியில் உயிர்க்கரியும் மட்கு உரமும்: இதுவரை பார்த்தது

தேயிலைக்கு உயிர்க்கரி (மரத்தையோ பயிர்க்கழிவையோ அதிகக் காற்றுப் படாமல் சுட்டு எடுக்கும் கரி) போடலாமா என்றால், தாராளமாகப் போடலாம், ஆனால் காய்கறிச் செடிக்குப் போடுகிற அளவில் போடக்கூடாது. தொட்டிகளை இதுவரை கவனித்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான்.

ஒரே மண்ணைச் சலித்துப் பிரித்து ஐந்து தொட்டிகளில் ஒரே வயதுக் கன்றுகளை வைத்தேன். ஒன்றில் வெறும் மண், ஒன்றில் மட்கு உரம், ஒன்றில் 5 சதவீதம் கரி, ஒன்றில் 15 சதவீதம் கரி, கடைசியில் 5 சதவீதக் கரியை மட்கு உரத்தோடு பிசைந்து ஈரமாகவே சில வாரம் ஊறவிட்டுப் போட்டது. மண்ணின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) பார்க்க ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு காய்ச்சி வடித்த நீர் ஊற்றிக் கலக்கி, தெளிந்த பிறகு மீட்டரை வைக்கிறேன். வெறும் மண் 4.9 காட்டியது. 15 சதவீதக் கரித் தொட்டி 6.7க்கு ஏறிவிட்டது! கரியில் இருக்கும் சாம்பல்தான் காரணம்.

தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரைதான் சுகம். அந்தத் தொட்டியில் புதிதாக வந்த இலையைக் கையில் எடுத்துப் பார்த்தால் நரம்பு மட்டும் பச்சை, இடையெல்லாம் வெளிர் மஞ்சள். பிஎச் ஏறினால் இரும்பும் மாங்கனீசும் மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடைக்காமல் போகின்றன. 5 சதவீதக் கரி மட்டும் போட்டதில் கதை வேறு, அங்கே கீழ் இலைகள் முழுசாக வெளுத்தன. புதுக்கரி மண்ணில் தழைச்சத்து இருக்கும் ஒரு வடிவமான அம்மோனியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் தழைச்சத்துப் பற்றாக்குறை என்றே நினைக்கிறேன். ஊறவைத்துப் போட்ட தொட்டி 5.4இல் நிற்கிறது, துளிரும் அதில்தான் அதிகம்.

சரி, மண்ணிலுள்ள உலோகம் இலைக்கு ஏறுவதைக் கரியும் மட்கும் தடுக்குமா என்ற விஷயத்துக்கு வருவோம். அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வெளிவரும், பல பயிர்களின் வேரை அது கருக்கிவிடும், தேயிலையோ அதை வாங்கி இலையில் சேர்த்து வைக்கிற அபூர்வமான செடி. முற்றிய இலையின் உலர் எடையில் அது 1 சதவீதத்தையும் தாண்டலாம், பறிக்கிற துளிரிலும் இளம் இலையிலும் மிகக் குறைவு. கொஞ்சம் அலுமினியம் இருந்தால் தேயிலை வேர் நன்றாகவே வளரும், ஆகவே அதை முழுக்க அடக்கவேண்டிய அவசியமே இல்லை. நான் தடுக்க நினைப்பது காரீயம், காட்மியம் என்ற நச்சு உலோகங்களைத்தான். கரியின் மேற்பரப்பும் மட்கிலுள்ள ஹியூமிக் அமிலமும் (தாவரக் கழிவு மட்கும்போது உண்டாகும் கரிமப் பொருள்) இவற்றைப் பிடித்துக்கொள்கின்றன, பிஎச் ஏற ஏற பிடியும் இறுகும். தேயிலையில் பிஎச்சை ஓரளவுக்கு மேல் ஏற்ற முடியாது என்பதால் மட்கின் பங்கு இங்கே பெரிது. செம்பு மட்டும் கொஞ்சம் தனி ரகம், மட்கிலிருந்து நீரில் கரைகிற கரிமப் பொருளோடு ஒட்டிக்கொண்டு அது நகரவும் செய்யும்.

இன்னொன்று, கரி உலோகத்தை அழிப்பதில்லை, பிடித்து மட்டுமே வைக்கிறது. பெயின்ட் அடித்த மரத்தைச் சுட்டால் அதிலிருந்த காரீயம் கரியில் செறிந்து நிற்கும். பிரிக்காத குப்பையில் செய்த மட்கு உரமும் அப்படித்தான், காரீயம், துத்தநாகம் எல்லாம் கூடவே வரும். இரண்டையும் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தே போடுங்கள்.

அடுத்து கரியை 2 சதவீதமாகக் குறைத்து ஒரு தொட்டி வைக்கிறேன். துளிரையும் முற்றிய இலையையும் தனித்தனியாகப் பிரித்து ஆய்வகத்துக்கு அனுப்பப் போகிறேன். பாதியைக் கழுவியும் பாதியைக் கழுவாமலும் அனுப்பவேண்டும், ஏனென்றால் இலையில் காணும் காரீயத்தில் காற்றுத் தூசியிலிருந்து படிவதும் உண்டு, அதற்கு மண்ணில் எதைப் போட்டும் பயனில்லை.