சிரித்தால் ஒரு கட்டை: திகில் ஆட்டம் நடத்திப் பார்த்த கதை

சுற்றி உட்கார்ந்து பேசியே ஆடுகிற ஆட்டத்தில் ஆளைப் பயமுறுத்த முடியுமா என்று மார்கழியிலிருந்து முயன்றுகொண்டிருக்கிறேன். இதுவரை மூன்று செஷன். இரண்டு சொதப்பல், ஒன்று பரவாயில்லை. சேலத்தில் எங்கள் வீட்டு ஹால்தான் களம். ஆட வருபவர்கள் மச்சான், சித்தி மகள், ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேர். ஆளுக்கொரு பாத்திரம். தங்கள் ஆள் என்ன செய்கிறான் என்று அவர்கள் சொல்வார்கள், அதனால் என்ன நடக்கிறது என்று நான் சொல்வேன்.

முதலில் எடுத்தது ‘கால் ஆஃப் க்துலு’. 1981-இல் வந்தது, இந்த வகைக்கே மூத்தது. பாத்திரத்துக்கு உடல் பலம் போலவே மனநிலைக்கும் ஒரு எண் உண்டு. பார்க்கக்கூடாததைப் பார்த்தால் ஒன்றிலிருந்து நூறு வரை எண் விழுகிற பகடையை உருட்ட வேண்டும். உங்கள் எண்ணைத் தாண்டி விழுந்தால் அந்த எண் குறையும், புத்தி கொஞ்சம் கழன்றுவிடும். படிக்கும்போது எனக்கே முதுகு சில்லிட்டது. ஆடும்போது, பரீட்சை பேப்பர் கொடுத்த வகுப்பு மாதிரி ஆகிவிட்டது. “எனக்கு ஆறு போச்சு, உனக்கு எவ்ளோ?” இன்னும் எத்தனை பிணம் பார்த்தால் தனக்குப் பைத்தியம் பிடிக்கும் என்று மச்சான் செல்போனில் கணக்கே போட்டுவிட்டான்.

ஆட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். நான் வாயைத் திறந்தாலே எழுத்துத் தமிழ்தான் வந்தது. “காரிருள் சூழ்ந்தது, தொலைவில் ஓர் ஓலம்” என்று ஆரம்பித்தேன். நண்பர் ஒருவர் “செய்திகள் வாசிப்பது…” என்று எடுத்துக்கொடுத்தார். அதற்கப்புறம் அன்றைக்கு யாரும் பயப்படவில்லை.

இரண்டாவது, ‘டிரெட்’. 2005-இல் வந்தது. இதில் பகடையே கிடையாது. நடுவில் ஜெங்கா என்கிற மரக்கட்டை அடுக்கு, கோபுரமாக நிற்கும். மாடிக்கு மூன்று கட்டையாகப் பதினெட்டு மாடி, மொத்தம் 54 கட்டை. உங்கள் ஆள் கஷ்டமான காரியம் எதையாவது செய்யப் பார்த்தால் ஒரு கட்டையை உருவி உச்சியில் வைக்க வேண்டும். உருவ மாட்டேன் என்றால் காரியம் நடக்காது. உங்கள் கையில் கோபுரம் சரிந்தால் உங்கள் ஆள் கதையிலிருந்து காலி. வேண்டுமென்றே தட்டிவிடவும் செய்யலாம்: நினைத்த காரியம் முடியும், ஆனால் உயிரைக் கொடுத்து. இதைப் படித்ததுமே பிடித்துப்போயிற்று. பயத்தை விரல் நுனியில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

நான் வாங்கியது அசல் செட் இல்லை, மலிவான நகல். டப்பாவில் 54 என்று போட்டிருந்தது, எண்ணினால் 51. சரி, பதினேழு மாடி என்று சமாதானம் ஆனேன். கட்டைகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு நகரவே மாட்டேன் என்றன. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முகத்துக்குப் போடும் பவுடரைத் தடவியதும் வழிக்கு வந்தன. பிளாஸ்டிக் மேசை ஆடியதால் கோபுரத்தைத் தரையில் கட்டினேன். சம்மணம் போட்டிருந்த நண்பர் கால் மரத்துப்போய் நீட்டினார், முதல் பலி. இப்போது கீழே பாட்டியின் மணைப் பலகை இருக்கிறது, அதைச் சுற்றி ஒரு முழத்துக்குச் சாக்பீஸ் கோடு.

டிரெட்டில் பாத்திரத்துக்கு எண்களே இல்லை, கேள்வித்தாள்தான். கேள்விக்குள்ளேயே கதையை ஒளித்து வைக்க வேண்டும். “நீங்கள் தைரியசாலியா?” என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. நான் எழுதியதில் வேலை செய்தவை: “போன தடவை இந்த மலைக்கு நாலு பேர் போனீங்க. மூணு பேர்தான் போனோம்னு ஏன் எல்லார்கிட்டயும் சொன்னீங்க?” “உங்க பையில இருக்கற ஒத்தைக் கொலுசு யாரோடது?” கொலுசுக் கேள்விக்குச் சித்தி மகள் எழுதிய பதில்: “என்னோடதுதான். ஆனா எனக்கு இன்னும் வாங்கித் தரலை.” அதைப் படித்துவிட்டு அன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. கதை நடத்துபவனுக்கே இந்த கதி.

இவ்வளவு செய்தும் இரண்டாவது செஷன் ஊற்றிக்கொண்டது. காரணம் சிரிப்பு. கட்டை ஆடினால் சிரிக்கிறார்கள், நான் குரலைத் தாழ்த்தினால் சிரிக்கிறார்கள். பயம் வருகிற இடத்தில்தான் சிரிப்பும் வருகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. அதட்டிப் பார்த்தேன், இன்னும் அதிகமானது.

எங்களுக்குப் பக்கத்து மலை கொல்லிமலை. அந்த மலையின் பெண்தெய்வமான கொல்லிப்பாவை நற்றிணையிலும் குறுந்தொகையிலும் வருகிறாள், அங்கே அழகுக்கு உவமையாக. சிரித்தே ஆளைக் கொல்வாள் என்பது காலங்காலமாகச் சொல்லி வருகிற கதை. சிரிப்பைத் தடுக்க நான் ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? மூன்றாவது செஷனுக்கு ஒரே ஒரு விதி சேர்த்தேன்: யார் சிரித்தாலும், எதற்குச் சிரித்தாலும், ஒரு கட்டை உருவ வேண்டும்.

கதை, கடைசி பஸ் மலை இறங்குவது. கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை. நான் மஞ்சள் அட்டைகளில் எண் எழுதி ஒவ்வொன்றாகத் தரையில் வைத்துக்கொண்டே போனேன். இறங்கும்போது எண் குறைய வேண்டும். 43/70, 42/70, 41/70. அடுத்த அட்டை மறுபடி 42. நான் எதுவும் சொல்லவில்லை. வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். மச்சான் மட்டும் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் 43.

வர்ணனையை விட்டுவிட்டு, வீட்டில் பேசுகிற பேச்சிலேயே சொன்னேன். “கண்டக்டர் ரெண்டு விசில் குடுக்கறாரு. பஸ் கெளம்புது. திரும்பிப் பாக்கறீங்க, கண்டக்டர் உங்க பக்கத்து சீட்டுல தூங்கிட்டிருக்காரு.” நண்பர் ஒருவருக்கு மூச்சோடு லேசாக ஒரு சிரிப்பு வெடித்தது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு கட்டையைத் தொட்டபோது ஃபேன் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. கோபுரம் சரிந்தது.

காலியான ஆள் செல்போனை நோண்டிக்கொண்டு உட்காருவது இந்த ஆட்டத்தின் பழைய தொல்லை. அதற்கும் வழி இதிலேயே கிடைத்தது: செத்தவர்கள் மட்டும் சிரிக்கலாம். அவரைச் சமையலறை இருட்டில் உட்கார வைத்தேன். அங்கிருந்து எப்போதாவது மெல்லச் சிரிப்பார், உயிரோடு இருப்பவர்கள் உதட்டைக் கடித்துக்கொள்வார்கள். அம்மா தண்ணீர் எடுக்கப் போய் அலறியது கணக்கில் இல்லை.

இன்னொன்று. எக்ஸ் கார்டு என்று ஒரு வழக்கம் உண்டு. பெருக்கல் குறி போட்ட அட்டை நடுவில் இருக்கும், யாருக்காவது ஒரு விஷயம் தாங்கவில்லை என்றால் அதைத் தொட்டால் போதும், காரணம் கேட்காமல் மாற்றிவிட வேண்டும். நமக்கெல்லாம் எதற்கு என்று நினைத்தேன். காலிப் பஸ்ஸில் கைக்குழந்தை அழுகிறது என்றதும் இன்னொரு நண்பர் அட்டையைத் தொட்டார். அழுகையை ரேடியோ இரைச்சல் ஆக்கினேன், ஆட்டம் தொடர்ந்தது.

தீராத பிரச்சினை ஒன்று இருக்கிறது. கோபுரம் சரிந்ததும் மறுபடி அடுக்க ஐந்து நிமிஷம் ஆகிறது. அதற்குள் டீ, முறுக்கு, ஆபீஸ் கதை என்று சேர்த்துவைத்த பயமெல்லாம் ஆவியாகிவிடுகிறது. இரண்டாவது செட் வாங்கி உள் அறையில் அடுக்கி வைத்து, தாம்பாளத்தோடு தூக்கி வரலாம் என்பது மச்சான் யோசனை. பழைய செட்டை வைத்து நேற்று ஒத்திகை பார்த்தோம். வாசற்படி வரைக்கும்தான் வந்தது.