நெளிவதெல்லாம் குரூசி அல்ல

காட்டில் பிடித்த ட்ரையாட்டோமா பூச்சி; சாகஸ் நோயைப் பரப்பும், இரத்தம் குடிக்கும் பூச்சி. இடுக்கியால் அடிவயிற்றை மெல்ல அழுத்தி, வரும் மலத்தை ஒரு துளி உப்புநீரில் கலந்து 400 மடங்கில் பார்த்தால் ஏதோ நெளிகிறது.

உடனே ‘சாகஸ் ஒட்டுண்ணி’, அதாவது டிரிப்பனோசோமா குரூசி (டி. குரூசி), என்று குறித்துவிடாதீர்கள்.

அதே குடலில் அதன் உறவினமான, மனிதருக்கு நோய் தராத டி. ரேஞ்சலியும் இருக்கலாம். ஜீம்சா சாயம் ஏற்றிப் பாருங்கள். டி. குரூசியின் டிரிப்போமாஸ்டிகோட்டில் (நீண்டு நெளியும், தொற்றும் வடிவம்) கைனெட்டோபிளாஸ்ட் எனும் டிஎன்ஏ திரள் பெரிய உருண்டையாக, பின்முனையை ஒட்டி நிற்கும். ரேஞ்சலியில் அது சின்னப் புள்ளிதான்.

அடுத்தது, குரூசி என்றால் அதில் எந்த மரபு வகை? டிசி-1 முதல் 6 வரை, கூடவே டிசி-பேட் என ஏழு உண்டு.

மினி-எக்ஸான் என்ற மரபணுவைப் பிசிஆரில் (டிஎன்ஏ துண்டைப் பெருக்கும் முறை) பெருக்கினால், டிசி-1-இன் துண்டு சுமார் 350 கார இணை நீளத்தில், ஜெல்லில் ஒரு பட்டையாக வரும். 300-இல் வந்தால் டிசி-2 என்று முடிவு கட்ட முடியாது. 5, 6-ம் அங்கேதான் விழும். இன்னொரு மரபணுவையும் பார்த்தே ஆக வேண்டும்.

பலரும் சறுக்கும் இடம், ஒட்டுண்ணியைக் குழாயில் பெருக்கும் வளர்ப்பு ஊடகம். ஒரே பூச்சியில் இரண்டு வகை இருந்தால், வேகமாகப் பெருகுவது மற்றதை அமுக்கிவிடும். காட்டில் இருந்த கலப்பு நம் குழாயிலேயே காணாமல் போகும். அதனால் மலத்திலிருந்தே நேரடியாகவும் டிஎன்ஏ எடுங்கள்.

பட்டையே வரவில்லையா? குடலில் செரித்த இரத்தம் பிசிஆரைத் தடுத்திருக்கலாம். டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டுங்கள்.

கையுறையும் கண் காப்பும் கட்டாயம். அந்த மலத் துளி கண்ணில் தெறித்தாலே தொற்றலாம்.