நுங்கம்பாக்கத்திலிருந்து தெரிந்த சில்வியா

மே 13
புயல் நேரத்தில் எல்லாரும் டிவியில் பார்க்கிறோமே, கல்லூரிச் சாலை வானிலை மையம், அந்த வளாகத்தில்தான் 1792-இல் மதராஸ் வானாய்வகம் எழுந்தது. அதன் 15 அடிக் கருங்கல் தூண் இன்னும் நிற்கிறது. தமிழிலும் பொறித்திருக்கிறார்கள். தொட்டுப் பார்த்தேன்; வெயிலில் கல் கொதித்தது.

மே 16
1866-இல் இதே தேதியில் இங்கிருந்துதான் வானியலாளர் நார்மன் போக்சன் சில்வியா என்ற சிறுகோளைக் கண்டுபிடித்தார். சிறுகோள்களில் 87-ஆவது. வானைப் படமெடுத்துச் சிறுகோள் தேடும் வழக்கமெல்லாம் அப்போது வரவில்லை. விண்மீன் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, டெலஸ்கோப்பில் தெரியும் புள்ளிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். படத்தில் இல்லாத புள்ளி தட்டுப்பட்டால் மறுபடி பார்த்து, அது நகர்ந்திருக்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும். அதற்குள் மேகம் மூடிவிட்டால்? நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. இப்படி மதராஸிலிருந்து மட்டும் ஐந்து கண்டார். 1861-இல் கண்ட முதலாவதுக்கு ஆசியா என்றே பெயர்; இந்தக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் அதுதான்.

மே 17
போக்சனின் உதவியாளர் ரகுநாதாச்சாரியைப் பற்றி யாராவது பள்ளியில் சொல்லியிருக்கலாம். 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர்.

மே 20
இன்று முழுக்க சில்வியாதான். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள சிறுகோள் பட்டையின் வெளி ஓரத்தில், சூரியனைச் சுற்ற ஆறரை ஆண்டு எடுத்துக்கொள்கிறது. நீளவாக்கில் 350 கிலோமீட்டருக்கு மேல். இவ்வளவு பெரிய உடல் ஐந்தேகால் மணி நேரத்துக்குள் ஒரு முறை தன்னைத்தானே சுற்றிவிடுகிறது! நீரைவிடக் கொஞ்சம்தான் அடர்த்தி அதிகம். அதனால் ஒரே பாறையாக இருக்காது, உடைந்த கற்கள் ஈர்ப்பால் சேர்ந்து நடுவே இடைவெளி விட்ட குவியல் என்கிறார்கள்.

ரோமானியக் கதையில் ரியா சில்வியா இரட்டைப் பிள்ளைகளின் தாய். 2001-இல் இந்தச் சில்வியாவைச் சுற்றி ஒரு துணைக்கோள் தெரிந்தது. இரண்டாவதை 2005-இல் அறிவித்தார்கள். இரண்டு துணைக்கோள்களோடு நமக்குத் தெரியவந்த முதல் சிறுகோள் இதுவே. பிள்ளைகளின் பெயரையே, ரோமுலஸ், ரீமஸ் என்று வைத்துவிட்டார்கள். 1868-இல் போக்சன் இங்கிருந்து கண்ட கமில்லாவுக்கும் இரண்டு துணைக்கோள்கள் என்று படித்தபோது உடல் சிலிர்த்தது.

மே 22
வெறுங்கண்ணுக்குச் சில்வியா எட்டாது. டெலஸ்கோப் வைத்திருக்கும் நண்பரிடம், ஒரு நாள் காட்ட முடியுமா என்று கேட்டேன். "மேக்னிட்யூட் எவ்வளவு?" என்றார்; வானில் தெரியும் ஒளியின் அளவைத்தான் அப்படிச் சொல்வார்கள். ஐந்து படிக்கு 100 மடங்கு ஒளி வேறுபாடு என்று அந்த அளவுகோலை 1856-இல் வகுத்தவரும் போக்சன்தான். அதைச் சொன்னதும், அடுத்த அமாவாசைக்கு ஊருக்கு வெளியே போகலாம் என்று அவரே நாள் குறித்துவிட்டார்.